தந்திப் பாட்டு

ஜனவரி 18

அக்காவுக்கு,

நீ போன் செய்யும்போதெல்லாம் நான் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நழுவுகிறேன் என்று கோபித்துக்கொண்டாயாம். வேறென்ன செய்ய? என் வாய் திக்கி நிற்கும்போது லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ ஹலோ ஹலோ என்று கத்துகிறாய். நான் சொல்ல வந்ததும் போய்விடுகிறது, உன் தொண்டையும் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வம்பு இல்லை. இங்கே நான் வக்கீல் மாதிரி பேசுவேன்.

ஒரு விஷயம் நடந்திருக்கிறது. நீ சிரிக்கக் கூடாது.

எங்கள் பட்டறைக்குப் புதிதாக ஒரு பெயிண்டர் வந்திருக்கிறாள். நான் இடி வாங்கிய காரைத் தட்டி நேராக்கிக் கொடுத்தால் அவள் பெயிண்ட் அடிப்பாள். கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டும்போது வாய் சும்மா இருக்காது, ராப் பாடிக்கொண்டே ஒட்டுவாள். எல்லாம் அவளே கட்டியது. பட்டறைக்கு வருகிறவர்கள், முதலாளியின் வழுக்கை, திரும்பி வராத ஸ்பேனர் என்று எதை வேண்டுமானாலும் பாட்டாக்கிவிடுவாள்.

போன வாரம் ஒருவர் முன்பக்கத்தில் மூஞ்சியே இல்லாத ஒரு காரை இழுத்து வந்து, "ஒண்ணுமில்ல, சின்னக் கீறல்தான்" என்றார். அவர் போனதும் கம்ப்ரெசரை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். பெயிண்டர் ஆரம்பித்தாள்:

கதவு ரெண்டும் கழண்டு போச்சு, கண்ணாடி பொடியாச்சு,
கேட்டா சிரிச்சுச் சொல்றாரு, சின்னக் கீறல்னு...

எனக்கும் வாய் அரித்தது. கடைசிச் சொல்லை அவளோடு சேர்ந்து சொல்லப் போனேன். கீ-யில் மாட்டிக்கொண்டேன். கீ-கீ-கீ-கீ என்று நிற்கிறேன், வண்டி நகரமாட்டேன் என்கிறது. எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாகிவிடக் கூடாதே என்று மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பார்களே, அது. பெயிண்டர் மட்டும் பார்வையைத் திருப்பவில்லை. என் சுத்தியை எடுத்துக் கார்க் கதவில் தட்ட ஆரம்பித்தாள். என் கீ-க்கு ஒரு தட்டு, தகடு அதிர்ந்து திரும்பிவரும்போது ஒரு சின்னத் தட்டு. நான் திக்கத் திக்க அது தாளமாகிவிட்டது. சொல் வெளியே வந்து விழுந்தபோது அவள் அடுத்த வரிக்குப் போயிருந்தாள்.

முடிந்ததும், "மறுபடி பண்ணு" என்றாள். வேண்டுமென்று செய்ய வராது என்று சொல்லிமுடிக்கவே எனக்கு நேரமானது. அதற்கும் தட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா நினைவுக்கு வந்தார். முதலெழுத்து திரும்ப வந்தால் அது மோனை, அழகு என்று பாடம் நடத்திய அதே மனிதர், நான் முதலெழுத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது பெஞ்சு மேல் ஏற்றினார். இத்தனை நாள் நான் மோனையில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை.

தம்பி


பிப்ரவரி 9

என் தம்பிக்கு,

சிரிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

யார் அந்தப் பெயிண்டர்? வந்து மாதம் ஆகவில்லை, அதற்குள் உன்னை வைத்துத் தாளம் போடுகிறாள். நீ வெள்ளந்தி. யாராவது முகம் பார்த்துப் பேசிவிட்டால் போதும், உருகிவிடுவாய். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்கப்போகிறது. இன்று உன்னோடு தட்டுகிறவர்கள் நாளைக்கு உன்னைத் தட்டுவார்கள்.

பள்ளியில் உன்னைத் 'தந்தி' என்று கூப்பிட்டார்களே, மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மகன் மூக்கை உடைத்துவிட்டு அவன் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டவள் நான்தான். மன்னிப்புக் கேட்ட கையோடு அவனை இன்னொரு தடவை முறைத்துவிட்டும் வந்தேன்.

இந்த ஊரில் பேச்சுப் பயிற்சிக்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது. நான் ஓட்டும் பஸ் அந்த வாசலில்தான் நிற்கும். உன் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறேன். இடம் கிடைக்கச் சில மாதங்கள் ஆகுமாம். வந்ததும் லீவு போட்டு என்னோடு வந்து தங்கு. மூன்று மாதத்தில் வாய் திருந்திவிடும் என்று எங்கள் டிப்போ கண்டக்டர் ஒருவர் சொன்னார்.

அதுவரை வேலையைப் பார். குளிர் காலத்தில் பெயிண்ட் ஷெட் பக்கம் போகாதே, உனக்கு நெஞ்சில் சளி கட்டும்.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

சளி இல்லை. பெயிண்டர் ஓநாயும் இல்லை. அவள் உன்னை மாதிரிதான், கொஞ்சம் குள்ளம்.

இங்கே நடப்பதைச் சொன்னால் நம்பமாட்டாய். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து டயர் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பேட்டரிக் கடை. பிறகு பேக்கரியில் மாவு பிசைகிறவர்கள் ஏப்ரனோடு வந்து நின்றார்கள். முதலாளி முதலில் கத்தினார். கூட்டம் வந்தால் வியாபாரமும் வருகிறது என்று கண்டதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டைத் திறந்துவிடுகிறார். "என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே நாற்காலி எடுத்துப் போடுகிறார்.

'சின்னக் கீறல்' பாட்டு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. முடிவெட்டுகிற கடையில் கத்தரியைக் காற்றில் சொடுக்கி அந்தத் தாளத்தை வாசிக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மீன் பெட்டி சுமக்கிறவர்கள் ஒரு குழு ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் முதலெழுத்தை உடைப்பதில்லை, கடைசி எழுத்தை உடைக்கிறார்கள். கீறல்-றல்-றல் என்று. எது சரி என்று இரண்டு கரைக்கும் சண்டை. தையல் கம்பெனிப் பெண்கள் இருவர் மூச்சை இழுத்து இழுத்து விட்டு, சொல்லே இல்லாமல் திக்குகிறார்கள். அதைக் கேட்டு நான் அசந்துபோனேன். எனக்குத் தானாக வருவதை அவர்கள் உழைத்துக் கொண்டுவருகிறார்கள். என் வாய்க்குள் இவ்வளவு இருந்ததா என்று இருக்கிறது.

போலியைக் கண்டுபிடிப்பது சுலபம். போலி எப்போதும் மூன்று தடவைதான் உடைப்பான். எண்ணுகிறான் என்று அர்த்தம். "எண்ணாதே. சொல் வர்றப்ப வரட்டும்." இது ஒன்றுதான் பெயிண்டரின் சட்டம்.

இந்தப் பாட்டுக்கு என்ன பெயர் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். பெயிண்டர் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "தந்தி." நானேதான் வைத்தேன். நீ மூக்கு உடைத்த பெயர்தான். இப்போது சுவரில் அதை ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். குளிரில் பல் தந்தி அடித்தால்கூட இங்கே பாராட்டுகிறார்கள்.

அம்மா போன வாரம் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். வீட்டுக்கு வரும் வழியில், "அவ்வளவு பேரும் நீ முடிக்கற வரைக்கும் நின்னாங்களே" என்றாள். அவ்வளவுதான்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பி,

கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் எழுத்து கோணல்.

இன்று மதியம் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நர்சிங் படிக்கிற இரண்டு பெண்கள் ஏறினார்கள். பின் சீட்டில் உட்கார்ந்து ஒருத்தி கீ-கீ-கீ என்கிறாள், மற்றவள் பதிலுக்குச் சி-சி-சி என்கிறாள். பிறகு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குக் கண் இருட்டிவிட்டது. நிறுத்தமே இல்லாத இடத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எழுந்து பின்னால் போனேன்.

"எறங்குங்க ரெண்டு பேரும்."

"ஏன்க்கா? டிக்கெட் இருக்கே."

"ஒருத்தரோட குறைய வச்சுச் சிரிக்கிறீங்களே, நாளைக்கு நோயாளிய எப்படிப் பாப்பீங்க?"

அந்தப் பெண் பயந்துவிட்டாள். "யாரையும் பாத்துச் சிரிக்கலக்கா. இது பாட்டு. தந்தி. போன்ல எல்லாருக்கும் வருதே, நீங்க கேட்டதில்லையா?" என்றாள்.

ஆனாலும் இறக்கிவிட்டேன். டிப்போவில் மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார், மெமோ கொடுத்தார். அதை விடு.

இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊரில், உன்னை யாரென்றே தெரியாதவர்கள் உன் திக்கலை வாயில் போட்டு மெல்லுகிறார்கள். நீ பட்ட பாட்டை அவர்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். நீயும் மேடை போட்டுக் கொடுக்கிறாய், அம்மாவும் நின்று பார்க்கிறாள். உனக்கு ரோஷம் இல்லையா?

கிளினிக்கில் இடம் வந்துவிட்டது. ஜூன் முதல் வாரம். ரயிலுக்கு நான் பதிவு செய்கிறேன். முதலாளியிடம் சொல்லிவிடு. இனி அந்த ஷெட்டில் வாயைத் திறக்காதே.

அக்கா


மே 27

அக்காவுக்கு,

நான் வரவில்லை.

அந்தப் பெண்களை இறக்கிவிட்டிருக்கக் கூடாது. அவர்கள் என் ஆட்கள்.

நீ எனக்காகச் சண்டை போட்டதை மறக்கவில்லை. சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். எனக்கு பிஸ்தா ஐஸ்கிரீம் பிடிக்காது. கண்ணில் கண்டாலே பிடிக்காது. சின்ன வயதில் ஐஸ்கிரீம் கடையில் நான் ப்-ப் என்று ஆரம்பித்தேன், நீ "பிஸ்தா" என்று முடித்துவிட்டாய். நான் சொல்லவந்தது பைனாப்பிள். நீ அவ்வளவு ஆசையாக வாங்கி நீட்டினாய். அன்றைக்கு ஆரம்பித்தது, நீ ஊரைவிட்டுப் போகும்வரை பிஸ்தாவையே தின்றேன். வீட்டில் எல்லாமே எனக்கு அப்படித்தான் நடந்தது. நான் ஆரம்பிப்பேன், நீயோ அம்மாவோ முடிப்பீர்கள். அன்பால்தான். ஆனால் முடிந்துவிடும்.

ஷெட்டில் யாரும் முடிப்பதில்லை.

இன்னொன்றும் நடந்தது. பெரிய ஊரிலிருந்து பாட்டு கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. பாட்டு வேண்டும், பெயிண்டர் வேண்டும், என் இடத்தில் வேறொரு பாடகரைப் போடலாம் என்றார். அவர் அழகாகத் திக்குவாராம், எப்போது நிற்க வேண்டுமோ அப்போது நிற்பாராம். "இவருது எப்ப முடியும்னே தெரியலயே" என்று என்னை அருகில் வைத்துக்கொண்டே சொன்னார்.

பெயிண்டர் மாஸ்க்கைக்கூடக் கழற்றவில்லை. "அது தெரியாததாலதான் சார் எல்லாரும் காதக் குடுத்துக் கேக்கறாங்க" என்றாள். பிறகு பெயிண்ட் துப்பாக்கியை அவர் சட்டைப் பக்கம் லேசாகத் திருப்பினாள். அவர் போய்விட்டார்.

நாங்களே பதிவு செய்துவிட்டோம். மெத்தைகளைச் சுற்றிக் கட்டி, பெயிண்ட் அறைக்குள். ஒலித்தட்டை அனுப்பியிருக்கிறேன். கேட்டாலும் கேள், கேட்காவிட்டாலும் சரி.

தம்பி


ஜூலை 16

தம்பிக்கு,

கேட்டேன்.

வந்த அன்று கேட்கவில்லை. அலமாரி மேல் போட்டு, அதன் மேல் துணியைப் போட்டேன். பைனாப்பிள் விஷயம் நெஞ்சில் முள்ளாக நின்றது. இத்தனை வருஷம் ஒருத்தன் வாயைத் திறந்து சொல்லாமல் பிடிக்காததைத் தின்பானா என்று உன்மேல் கோபம். பிறகு எப்படித் திறப்பான் என்று என்மேல் கோபம். கோபம் போகவில்லையடா, இடம்தான் மாறியிருக்கிறது.

லீவு நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போட்டேன். முதலில் சுத்தி. யார் தட்டினாலும் அது உன் தட்டு என்று தெரிந்தது, வீட்டில் கதவைத் தட்டும்போதும் நீ அப்படித்தான் தட்டுவாய், ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக. பிறகு அந்தப் பெண். என்ன வாயடா அவளுக்கு, பத்துத் தெருவை ஒரே மூச்சில் சுற்றி வருகிறாள். அதன் பின் நீ. முதல் திக்கலில் என் கை தானாக பிளேயரை அணைக்கப் போனது. பிடித்துக்கொண்டேன்.

நான் வண்டி ஓட்டுகிறவள், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். பிரேக் போடத் தெரிந்தவன்தான் டிரைவர் என்பார்கள். வேகமாகப் போகிற ராப் எல்லாம் டிப்போ கேன்டீனில் கேட்டிருக்கிறேன், காதில் நிற்காமல் ஓடிவிடும். உன் பாட்டில் எல்லாம் பறந்துகொண்டிருக்கும்போது நீ நிற்கிறாய். உன்னோடு பாட்டே நிற்கிறது. ஏறுகிறவர்கள் ஏறும்வரை நிற்கிறது. பிறகு கிளம்பும்போது என்ன ஒரு இழுப்பு! இரண்டாவது பாட்டில் சத்தமே இல்லாமல் அடைத்துக்கொள்கிறதே, அங்கே நானும் மூச்சை நிறுத்திவிட்டேன். சொல் வந்ததும் சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டி, தந்தியா, கொஞ்சம் சத்தமா வையுங்க என்கிறாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

டிப்போவில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நேற்று சொன்னேன், அது என் தம்பி என்று. முதலில் நம்பவில்லை. பிறகு மேனேஜரே டீ வாங்கிக் கொடுத்தார்.

கிளினிக்கில் ஜூனில் தள்ளிப்போட்டு வைத்திருந்த உன் இடத்தை ரத்து செய்யப் போனேன். அங்கே இருக்கிற டாக்டரம்மா உன் பாட்டைக் கேட்டவர். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் உன் பாட்டைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்களாம். முன்பெல்லாம் வாசலில் நின்று திரும்பிப் போவார்களாம். "திக்கலைப் பிடுங்கி எறியறது எங்க வேலை இல்லைங்க. அது வரும்போது தொண்டைய இறுக்காம இருக்கச் சொல்லித் தருவோம், அவ்வளவுதான்" என்றார். இடத்தை ரத்து செய்யவில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமாம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அக்கா


செப்டம்பர் 5

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பெயிண்டருக்குப் படித்துக் காட்டினேன். பிரேக் விஷயம் வந்ததும் எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்தபோது, "உங்க அக்காதான் முதல்ல சரியாக் கேட்டிருக்காங்க" என்றாள். உன்னை ஓநாய் என்று நினைத்திருந்தாளாம்.

கிளினிக்குக்கு நானே போன் செய்தேன். எடுத்தவர் நான் முடிக்கும்வரை ஹலோ சொல்லவே இல்லை. டிசம்பரில் வருகிறேன் என்று சொன்னேன். மூச்சு திணறாமல் பாட முடிந்தால் நல்லதுதானே, தொண்டை வலிக்கிறது. பாட்டு போய்விடுமோ என்று பயம் இருந்தது, பெயிண்டரிடம் சொன்னேன். "போனா புதுசு ஒண்ணு பண்ணுவோம், கார் இடிக்கறத யாரும் நிறுத்தப்போறதில்ல" என்று சொல்லிவிட்டாள்.

டிசம்பருக்கு முன்னாலேயே உன் ஊருக்கு வருகிறோம். அக்டோபர் கடைசி ஞாயிறு, நகராட்சி அரங்கம், மாலை ஐந்து மணி. ஆற்றின் அக்கரைக்காரர்களும் கூட வருகிறார்கள். ரயிலில் இப்போதே சண்டை ஆரம்பித்துவிடும். அம்மாவையும் கூட்டி வருகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முன் வரிசையில் உட்காராதே. நான் நிற்கும்போது உன் வாய் அசையும். பார்த்தால் எனக்குச் சொல் வராது.

தம்பி


நவம்பர் 6

என் தம்பிக்கு,

நீங்கள் அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று போய்க்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். இந்தக் கடிதம் பட்டறைக்கு வந்து உனக்காகக் காத்திருக்கட்டும். மேடையில் இருந்தவனுக்குக் கூட்டம் எப்படித் தெரிந்திருக்கும்? நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நானும் அம்மாவும் கடைசியில், சவுண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். டிப்போவில் பாதிப் பேர் யூனிஃபார்மோடு வந்திருந்தார்கள். இடம் இல்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், தலைமுடிக்கு நீலச்சாயம் அடித்தவர்கள். இத்தனை பேரும் ஒரு சாப்பாட்டு வேளையில் கார்க் கதவில் பிறந்த ஒன்றுக்காக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அக்கரைக்காரர்களின் றல்-றல்-றல் எனக்குப் பிடித்திருந்தது. மன்னித்துக்கொள்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். பெயிண்டர் அந்த இரண்டு வரியைப் பாடி, "சின்ன" என்று உன்னிடம் விட்டாள். உனக்கு அடைத்துக்கொண்டது. கீ-கீ-கூட வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, சத்தமே இல்லாமல் நின்றாய். சுத்தி மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு பெயிண்டர் சுத்தியையும் நிறுத்திவிட்டாள்.

அரங்கம் முழுக்க அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர்கூட இருமவில்லை. நான் எத்தனையோ கூட்டத்தை ஏற்றி இறக்கியவள், பத்து பேர் சேர்ந்தாற்போல் அமைதியாக நின்று பார்த்ததில்லை. அம்மா கைக்குட்டையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்திருந்தேன், விரல் நெரிந்திருக்கும். உன் வாக்கியத்தை முடித்துவைக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. முன்பின் தெரியாத அவ்வளவு பேரும் அதைச் சுலபமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

கீறல் என்று நீ சொன்னபோது கூரை பறந்துபோகும் என்று நினைத்தேன். அம்மா அழுதாள். நான் அழவில்லை. விசில் அடித்தேன்.

அன்றைக்கு இதையெல்லாம் உன்னிடம் சொல்ல முடியவில்லை. உன்னைச் சுற்றிக் கூட்டம். மறுநாள் காலையில் வீட்டில் வைத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். டீ போட்டுக் கொண்டுவந்து உன் எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். வாய் திறந்தது. நின்றது.

எனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் அசையவில்லை. என் வாயும் அசையவில்லை, கவனித்தாயா? இந்த ஒரு வருஷத்துச் சண்டையையெல்லாம் சேர்த்து ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். ஐஸ்கிரீமாக இருக்கலாம், அப்பா போன பிறகு நாம் இருந்த இருப்பாக இருக்கலாம், எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்வது என்று மனதைத் திடமாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ திக்கினாய். நான் காத்திருந்தேன். கடைசியில் சொன்னாய்.

"ட்-ட்-ட்-டீ ஆறுது."

நான் சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து ஓடிவந்தாள். என்ன, என்ன என்று கேட்டாள். உனக்கும் சிரிப்பில் பேச்சு வரவில்லை, எனக்கும் வரவில்லை. அதற்குள் அது ஆறியே போய்விட்டது. அதைத்தான் குடித்துவிட்டு வேலைக்கு ஓடினேன்.

அக்கா